டெக்சஸில் மாநில வரியே இல்லை. பிறகு ஏன் நியூஜெர்சியில் வாங்கியதைவிடக் கையில் குறைவாக வருகிறது?

எடிசன்_டூ_இர்விங் | செப்டம்பர் 13, 2025, சனி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடங்களாகப் படிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் முறை.

நியூஜெர்சி எடிசனில் ஆறு வருடம் இருந்தோம். ஆகஸ்ட் 4-ஆம் தேதி டெக்சஸ் இர்விங்கில் புது வேலையில் சேர்ந்தேன். பழைய சம்பளம் வருடத்துக்கு 1,10,500 டாலர், புதுச் சம்பளம் 1,17,000. சம்பளமும் கூடுகிறது, டெக்சஸில் மாநில வருமான வரியும் கிடையாது, மாதம் ஐந்நூறு அறுநூறாவது மிஞ்சும் என்று பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டித்தான் மனைவியைச் சம்மதிக்க வைத்தேன். அவள் தோழிகள், கோயில், பழகிய மளிகைக் கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகஸ்டில் வந்த இரண்டு பே செக்கிலும் பாதிச் சம்பளம், ரீலொகேஷன் பணம் (ஊர் மாறும் செலவுக்கு) என்று ஏதேதோ கலந்திருந்ததால் ஒன்றும் புரியவில்லை. நேற்று வந்ததுதான் சுத்தமான இரண்டு வாரச் சம்பளம். பார்த்ததும் தலை சுற்றியது.

கிராஸ் (பிடித்தங்களுக்கு முன்): 4,500.00
ஃபெடரல் வரி: 531.06
சோஷியல் செக்யூரிட்டி (அரசு பென்ஷனுக்கு): 257.30
மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு): 60.18
மெடிக்கல், டென்டல், விஷன் சேர்த்து: 350.00
401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு): 270.00
கைக்கு: 3,031.46

நியூஜெர்சியில் கிராஸ் 4,250 இருந்தபோதே மாநில வரியெல்லாம் போகக் கைக்கு 3,391.67 வந்தது. சம்பளம் கூடியும் 360 டாலர் குறைவு! கம்பெனி ஏதாவது தப்பாகப் பிடித்துவிட்டதா? போதாததற்கு ரீலொகேஷனுக்கு 5,000 என்று ஆஃபர் லெட்டரில் எழுதிவிட்டு 3,517.50 தான் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஹெச்ஆரிடம் சண்டை போடுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

---

கேட்டி_வீட்டுக்காரன் | செப்டம்பர் 13

வாங்க, வாங்க. வரி இல்லாத ஊர் என்று நம்பி வந்தவர்கள் வரிசையில் நீங்கள் கடைசி ஆள் இல்லை. இன்னும் வீடு வாங்கவில்லையே? அதுவரைக்கும் நிம்மதியாக இருங்கள்.

---

ப்ளேனோ_பழையவன் | செப்டம்பர் 13

கேட்டி அண்ணே, முதலில் அவர் மூச்சு விடட்டும்.

இர்விங் நண்பரே, ஹெச்ஆரிடம் போகவேண்டாம். எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, சேரும்போது டபிள்யூ-4 படிவத்தில் (ஃபெடரல் வரி எவ்வளவு பிடிப்பது என்று கம்பெனிக்குச் சொல்லும் படிவம்) என்ன நிரப்பினீர்கள்? இரண்டு, பழைய கம்பெனியில் இன்சூரன்ஸுக்கு எவ்வளவு பிடித்தார்கள்? மூன்று, அங்கே 401கே போட்டீர்களா? நீங்கள் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) மாநில வரி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் 360 வேறு எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

---

எடிசன்_டூ_இர்விங் | செப்டம்பர் 13

அங்கே இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 140 தான். 401கே போடவில்லை, கம்பெனி மேட்ச் (நாம் போடுவதற்கு ஈடாகக் கம்பெனி போடும் பணம்) தரவில்லை என்பதால் விட்டுவிட்டேன். இங்கேயும் நான் சேரவே இல்லை, தானாகவே 6% பிடிக்கிறார்கள்.

டபிள்யூ-4... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆன்போர்டிங் போர்டலில் இருபது படிவம் இருந்தது. ஐ-9 (வேலை பார்க்கும் அனுமதிக்கான படிவம்), பேங்க் விவரம் மட்டும் முடித்துவிட்டு, அதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டேன். அப்படியே மறந்துபோனது. மனைவி ஹெச்4 விசாவில் இருக்கிறாள், வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு நான்கு வயது, எடிசனில் பிறந்தவள்.

---

பேரோல்_அக்கா | ஹூஸ்டன் | செப்டம்பர் 13, இரவு

தம்பி, பதினோரு வருடமாகப் பேரோல் வேலைதான் பார்க்கிறேன். உங்கள் கம்பெனி ஒரு சென்ட் கூடத் தப்பாகப் பிடிக்கவில்லை. ஓட்டை அந்தப் "பிறகு பார்க்கலாம்" பட்டனில் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர் டபிள்யூ-4 தராவிட்டால் அவரை சிங்கிள் என்றும், வேறு எந்தச் சலுகையும் இல்லை என்றும் வைத்துத்தான் ஃபெடரல் வரி பிடிக்க வேண்டும். இது ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) விதி. நீங்கள் கல்யாணம் ஆனவரா, குழந்தை இருக்கிறதா என்று மெஷினுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நாங்களாக மாற்றக்கூடாது.

இப்போது உங்கள் ஸ்டப்பை மேலிருந்து கீழே வாசிக்காமல், கழிக்கும் வரிசையில் வாசியுங்கள். முதலில் 4,500-இலிருந்து இன்சூரன்ஸ் 350 போகிறது. கம்பெனி மூலம் எடுக்கும் மெடிக்கல், டென்டல், விஷன் ப்ரீமியம் பொதுவாக செக்‌ஷன் 125 திட்டத்தில் வரும். அந்தப் பணத்துக்கு ஃபெடரல் வரியும் இல்லை, சோஷியல் செக்யூரிட்டியும் இல்லை, மெடிகேரும் இல்லை. ஆக 4,150. அதில் 6.2% போட்டுப் பாருங்கள், 257.30. 1.45% போட்டுப் பாருங்கள், 60.18. சரியாக இருக்கிறதா?

அப்புறம்தான் 401கே. அதற்கு வருமான வரி மட்டும்தான் விலக்கு, சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் விலக்கு இல்லை. ஜனவரியில் டபிள்யூ-2 (வருடச் சம்பளச் சான்று) வந்ததும் "கட்டம் 1-இல் ஒரு தொகை, கட்டம் 3-இல் வேறு தொகை, தப்பு நடந்திருக்கிறது" என்று வருடா வருடம் பத்துப் பேராவது எனக்கு ஃபோன் செய்வார்கள். அந்த வித்தியாசம் பெரும்பாலும் இந்த 401கேதான்.

4,150-இல் 270 போனால் 3,880. இருபத்தாறு பே செக்குக்கு வருடம் 1,00,880. சிங்கிள் என்றால் 15,000 கழித்து மிச்சத்துக்கு வரி. அதில் ஒரு பகுதி 22% படியில் (வரி அடுக்கில்) ஏறிவிடுகிறது. அதுதான் 531.06. கல்யாணமானவர், சேர்ந்து ஃபைல் செய்பவர் என்று கொடுத்திருந்தால் 30,000 கழியும், முழுவதும் 12% படிக்குள்ளேயே அடங்கிவிடும். 308.79 தான் வந்திருக்கும். மகளுக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இருப்பதால் டபிள்யூ-4-இன் ஸ்டெப் 3-இல் குழந்தைச் சலுகையாக 2,000 எழுதினால் ஒரு செக்குக்கு இன்னும் 76.92 குறைந்து 231.87 ஆகும்.

531-உம் 231-உம். வித்தியாசம் 299 டாலர். நாளைக்கே போர்டலில் மாற்றுங்கள்.

---

ப்ளேனோ_பழையவன் | செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா பாதியைப் பிடித்துவிட்டார். மீதியை நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை.

கிராஸ் 250 கூடியது. நியூஜெர்சி வருமான வரி உங்கள் வருமானத்துக்கு ஒரு செக்குக்குச் சுமார் 120 போயிருக்கும். அதோடு அந்த ஊர் டிஸபிலிட்டி, ஃபேமிலி லீவ் இன்சூரன்ஸ் என்று ஒரு 24. ஆக மாநிலம் மாறியதில் மிச்சம் 144. இரண்டும் சேர்ந்து 394 ஏறியிருக்க வேண்டும்.

இறங்கியது: ஃபெடரல் வரி 272 கூடியது. 401கே 270. இன்சூரன்ஸ் 210 கூடியது. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் மூன்று டாலர். மொத்தம் 755. 394-இலிருந்து 755 போனால் உங்கள் 360 வந்துவிட்டது, சில்லறை போக.

இந்த நான்கில் டெக்சஸின் குற்றம் எது? ஒன்றுமே இல்லை. ஃபெடரல் வரி உங்கள் மறதி, டாக்ஸ் ஃபைல் செய்யும்போது திரும்பி வந்துவிடும். 401கே உங்கள் பணம், வேறு பையில் இருக்கிறது. உண்மையிலேயே போனது இன்சூரன்ஸ் 210 மட்டும்தான். வருடத்துக்கு 5,460 டாலர். நீங்கள் நியூஜெர்சிக்குக் கட்டியதைவிட இது அதிகம்! ஆஃபர் வரும்போது சம்பளத்தையும் மாநில வரியையும் மட்டும் பார்த்துவிட்டு, ஃபேமிலி ப்ரீமியம் எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது நம் ஆட்களின் வழக்கம். நானும் 2014-இல் அதே தப்பைச் செய்தேன்.

---

எடிசன்_டூ_இர்விங் | செப்டம்பர் 14

அக்கா, ப்ளேனோ அண்ணா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஸ்டப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன வரிசையில் போட்டுப் பார்த்தேன், சென்ட் வரை சரியாக வருகிறது. டபிள்யூ-4 மாற்றிவிட்டேன். ரீலொகேஷன் பணம் மட்டும் இன்னும் புரியவில்லை. செலவுக்குக் கொடுத்த பணத்துக்கு எதற்கு வரி?

---

பேரோல்_அக்கா | செப்டம்பர் 14

2018-க்கு முன்னால் வேலைக்காக வீடு மாறும் செலவைக் கம்பெனி கொடுத்தால் வரி இல்லை. அந்தச் சலுகை 2018-இலிருந்து ராணுவத்தினரைத் தவிர மற்றவர்களுக்கு நிறுத்தப்பட்டது. இப்போது அது சம்பளம் மாதிரிதான். போனஸ் கணக்கில் ஃபெடரலுக்கு நேராக 22%, அதாவது 1,100. சோஷியல் செக்யூரிட்டி 310, மெடிகேர் 72.50. மீதி 3,517.50. சில கம்பெனிகள் இந்த வரியையும் சேர்த்துக் கூட்டிக் கொடுப்பார்கள், அதற்கு கிராஸ் அப் என்று பெயர். அடுத்த முறை ஆஃபர் பேசும்போது கேளுங்கள்.

"போனஸுக்கு வரி அதிகம்" என்று எல்லோரும் புலம்புவதும் இதனால்தான். வரி அதிகம் இல்லை, பிடித்து வைப்பதுதான் அதிகம். வருடக் கடைசியில் சம்பளம், போனஸ் எல்லாம் ஒரே குவியல்தான். உங்களுக்கு 12% படிதான் என்பதால் அந்த 1,100-இல் 500 போல ஃபைல் செய்யும்போது திரும்பிவரும். இதுவரை வந்த பே செக்குகளில் சிங்கிள் என்று அதிகமாகப் பிடித்ததும் அப்படியே வரும். அதற்காக ஏப்ரலில் பெரிய ரீஃபண்டு வருகிறது என்று கேக் வெட்டாதீர்கள். அரசாங்கத்துக்கு வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்து வாங்கும் பணம் அது.

---

பே_ஏரியா_வாடகைவாசி | சனிவேல் | செப்டம்பர் 14

என்ன இருந்தாலும் நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள். கலிஃபோர்னியாவில் 13% மாநிலத்துக்கே போகிறது. ஆஸ்டினில் ஒரு ஆஃபர் இருக்கிறது, 10% சம்பளம் குறைத்துக் கேட்டாலும் போய்விடலாம் என்று இருக்கிறேன்.

---

ப்ளேனோ_பழையவன் | செப்டம்பர் 14

அந்த 13.3% வருடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் பகுதிக்கு. நீங்கள் அந்த ரகம் என்றால் இந்த இழையில் நேரத்தை வீணாக்காதீர்கள், நல்ல சிபிஏ (கணக்காளர்) ஒருவரைப் பிடியுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு கணக்கு. சிங்கிள், வருடம் 1,04,000, செக்குக்கு 4,000. இன்சூரன்ஸ் 110, 401கே 240. டெக்சஸில் ஃபெடரல் 480, சோஷியல் செக்யூரிட்டி 241, மெடிகேர் 56 போகக் கைக்கு 2,872. இதே ஆள் கலிஃபோர்னியாவில் இருந்தால் கூடுதலாக மாநில வரி ஏறத்தாழ 180, அந்த ஊர் எஸ்டிஐ (மாநில டிஸபிலிட்டி இன்சூரன்ஸ்) 2025-இல் 1.2% என்பதால் 46.68. ஆக 227 போல. வருடத்துக்கு 5,900 டாலர். சம்பளத்தில் ஆறு சதவிகிதம் கூட இல்லை. 10% சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் வரி விஷயத்தில் நஷ்டம்தான். வாடகை வித்தியாசம் வேறு கதை, அதைச் சேர்த்தால் ஆஸ்டின் ஜெயிக்கலாம். ஆனால் அதை வரி என்று சொல்லாதீர்கள்.

---

பே_ஏரியா_வாடகைவாசி | செப்டம்பர் 14

சம்பளம் அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆர்எஸ்யூவும் (கம்பெனி தரும் பங்குகள்) இருக்கிறது. இருந்தாலும் 13 என்று சொன்னது தப்புதான். ஸ்டாக் வெஸ்ட் ஆகும்போது (நம் கைக்கு வரும்போது) கலிஃபோர்னியா 10.23% பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து மனதில் அப்படிப் பதிந்துவிட்டது.

---

சியாட்டில்_சாரல் | செப்டம்பர் 15, திங்கள்

வாஷிங்டனிலும் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை என்பார்கள். என் ஸ்டப்பில் இரண்டு பிடித்தம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று பெய்டு ஃபேமிலி லீவ், 2025-இல் மொத்தம் 0.92%, அதில் நம் பங்கு 71.52%. இன்னொன்று டபிள்யூஏ கேர்ஸ், முதியோர் பராமரிப்புக்கு என்று 0.58%, 2023 ஜூலையிலிருந்து. செக்குக்கு 5,000 கிராஸ் என்றால் 33-உம் 29-உம், மொத்தம் 62. வரி என்று பெயர் வைக்கவில்லை, ப்ரீமியம் என்று பெயர். கையில் குறைவது என்னவோ குறைவதுதான்.

2025 நிலவரப்படி, ஹெச்1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் டபிள்யூஏ கேர்ஸிலிருந்து விலக்குக் கேட்கலாம். நான் ஒன்றரை வருடம் தெரியாமல் கட்டினேன். பக்கத்து க்யூபிகலில் இருந்த தெலுங்கு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது.

ஃபேமிலி லீவை மட்டும் குறை சொல்லமாட்டேன். மகன் பிறந்தபோது அதில்தான் பன்னிரண்டு வாரம் வீட்டில் இருந்தேன்.

---

நாஷுவா_பனி | செப்டம்பர் 15

நியூஹாம்ப்ஷையரிலிருந்து ஒரு சோகக் குரல். வீடு நாஷுவாவில், இங்கே சம்பளத்துக்கு வரி இல்லை. ஆபீஸ் எல்லை தாண்டி மாசசூசெட்ஸில். அவர்கள் 5% பிடித்துக்கொள்கிறார்கள். வாழும் ஊரில் வரி இல்லாமல் இருந்து என்ன, வேலை பார்க்கும் ஊரில் இருக்கிறதே. வாஷிங்டன் மாநில வான்கூவரில் வீடு எடுத்து போர்ட்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரேகானோடு இதே கதைதான். வீடு பார்க்கும் முன் ஆபீஸ் எந்த மாநிலத்தில் என்று பாருங்கள்.

---

ஆர்லிங்டன்_ஓபிடி | செப்டம்பர் 15

அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். 2022 ஆகஸ்டில் எஃப்1 மாணவர் விசாவில் வந்தேன், இப்போது ஓபிடியில் (படிப்பை ஒட்டிய வேலை அனுமதி) வேலை. என் ஸ்டப்பில் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பூஜ்யம். அதே வருடம் வந்த ரூம்மேட்டுக்கு வேறு கம்பெனி, அவனுக்கு இரண்டும் சேர்த்து 7.65% பிடிக்கிறார்கள். யாருக்குத் தப்பு?

---

பேரோல்_அக்கா | செப்டம்பர் 15

உங்கள் ரூம்மேட்டுக்குத்தான் தப்பு. எஃப்1-இல் வந்தவர் முதல் ஐந்து காலண்டர் வருடம் வரிக்கணக்கில் நான்ரெசிடென்ட் (இங்கே வசிக்காதவர்). ஓபிடியிலும் அந்த இரண்டும் பிடிக்கக்கூடாது. காலண்டர் வருடம் என்பதைக் கவனியுங்கள், ஆகஸ்டில் வந்தாலும் 2022 முழுசாக ஒன்று என்று எண்ணப்படும். ஆக உங்களுக்கு 2026 வரை. நடுவில் ஹெச்1பி கிடைத்தால் அது தொடங்கும் நாளிலிருந்து, பெரும்பாலும் அக்டோபர் 1-இலிருந்து, பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வருடம் வருடம் அக்டோபரில் "ப்ரமோஷன் மாதிரி ஹெச்1பி வந்தது, சம்பளம் குறைந்துவிட்டது" என்று பையன்கள் வந்து நிற்பார்கள்.

ரூம்மேட் முதலில் தன் கம்பெனி பேரோலிடம் எழுதிக் கேட்கட்டும். பிடித்ததைத் திருப்பித் தர அவர்களால் முடியும். அவர்கள் கையை விரித்தால் படிவம் 843, கூடவே 8316 நிரப்பி ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். பொறுமை வேண்டும்.

இன்னொன்று. இந்த இழையைப் படித்துவிட்டு நீங்கள் டபிள்யூ-4-இல் மேரீட் என்று மாற்றாதீர்கள், நாளைக்கே கல்யாணம் ஆனாலும்! நான்ரெசிடென்ட் சிங்கிள் என்றுதான் போட வேண்டும். ஆனால் இந்திய மாணவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் ஃபைல் செய்யும்போது, வருமானத்தில் ஒரு தொகையை வரியில்லாமல் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கிடைக்கும். மற்ற நாட்டு நான்ரெசிடென்ட் மாணவர்களுக்குப் பொதுவாக அது கிடையாது.

---

ஆர்லிங்டன்_ஓபிடி | செப்டம்பர் 15

நன்றி அக்கா. அவன் ஏழு மாதமாகக் கட்டியிருக்கிறான். இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான், முகம் மாறிவிட்டது.

---

கேட்டி_வீட்டுக்காரன் | செப்டம்பர் 16

எல்லோரும் ஸ்டப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். டெக்சஸ் வரியை பே செக்கில் பிடிக்காது, வீட்டு வாசலில் வந்து பிடிக்கும். என் வீட்டு மதிப்பு 4,20,000. ஸ்கூல், கவுன்ட்டி, தண்ணீர் சாக்கடைக்கு என்று எம்யூடி, எல்லாம் சேர்த்து 2.4%. ஹோம்ஸ்டெட் விலக்கில் (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு) ஸ்கூல் வரிக்கு மட்டும் ஒரு லட்சம் கழிகிறது, 2025 நவம்பரில் அதை 1,40,000 ஆக்கலாமா என்று ஓட்டுக்கு விடுகிறார்கள். கழித்த பிறகும் வருடம் 9,000-க்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 750. முதல் வருடம் காலி மனைக்கு வரி போட்டு எஸ்க்ரோ (மார்ட்கேஜோடு மாதாமாதம் வாங்கி வைக்கும் வரிப்பணம்) கணக்கிட்டார்கள், இரண்டாம் வருடம் வீட்டோடு சேர்த்து வந்தது. மார்ட்கேஜ் ஒரேயடியாக 600 டாலர் ஏறியது. அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பவில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்கவேண்டாம். வீட்டுச் சொந்தக்காரர் அதை வாடகையில்தான் வாங்குவார். கடையில் 8.25% விற்பனை வரி வேறு. நல்லவேளை, அரிசி பருப்புக்கு இல்லை.

---

ப்ளேனோ_பழையவன் | செப்டம்பர் 16

சொன்னதெல்லாம் சரி அண்ணே. ஆனால் போயும் போயும் நியூஜெர்சியிலிருந்து வந்தவரிடம் சொத்து வரியைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்களே! அங்கே வருமான வரியும் உண்டு, சொத்து வரி அதைவிட உண்டு.

அப்புறம், மே 15-க்குள் மதிப்பீட்டை எதிர்த்து ப்ரொட்டஸ்ட் போடுகிறீர்களா? தெருவில் விற்ற நாலு வீட்டு விலையைக் காட்டினாலே சில சமயம் இறக்கிவிடுகிறார்கள். ஒன்று நிச்சயம், வருமான வரி இங்கே இப்போதைக்கு வராது. 2019-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சாசனத்திலேயே தடுத்துவிட்டார்கள். ஆகவே பணம் வேண்டுமென்றால் வீட்டிடமும் கடையிடமும்தான் கேட்பார்கள்.

---

எடிசன்_டூ_இர்விங் | செப்டம்பர் 16

கேட்டி அண்ணா, எடிசனில் எங்கள் வீட்டு ஓனர் கட்டிய வரி உங்களுடையதைவிட அதிகம். வாடகை ஏற்றும்போதெல்லாம் அந்த பில்லைத்தான் எடுத்துக் காட்டுவார், அதனால் மனப்பாடம்.

இப்போது 401கே கேள்வி. போர்டலில் பார்த்தேன், கம்பெனி 4% வரை மேட்ச் தருகிறது. கை இறுக்கமாக இருப்பதால் 6-ஐ நிறுத்திவிடலாமா?

---

ப்ளேனோ_பழையவன் | செப்டம்பர் 16

நிறுத்தாதீர்கள். 4-க்கு இறக்குங்கள். 4% என்பது செக்குக்கு 180, கம்பெனியும் 180 போடும். வருடத்துக்கு 4,680 டாலர் சும்மா வருவதை யாராவது விடுவார்களா? மேட்ச் எப்போது முழுசாக உங்களுடையது ஆகும் என்ற வெஸ்டிங் விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போடுவது கை இளகிய பிறகு.

---

சியாட்டில்_சாரல் | செப்டம்பர் 16

இன்னொரு கோணம். நீங்கள் 12% படியில் இருக்கிறீர்கள், மாநில வரியும் இல்லை. வரி இவ்வளவு குறைவாக இருக்கும்போது ட்ரெடிஷனலில் போட்டு அந்த 12%-ஐத் தள்ளிப்போடுவதைவிட, ரோத் 401கேயில் போட்டு இப்போதே கட்டி முடிப்பது நல்லது. கலிஃபோர்னியாவில் இருப்பவர் ட்ரெடிஷனல் போட்டு மாநில வரியை மிச்சம் பிடித்து, வயதான பிறகு டெக்சஸுக்குக் குடிவந்து மாநில வரியே இல்லாமல் எடுக்கலாம். நாம் ஏற்கெனவே வரி இல்லாத ஊரில் இருக்கிறோம். அந்த லாபம் நமக்கு இல்லை.

---

ப்ளேனோ_பழையவன் | செப்டம்பர் 16

பேப்பரில் சரிதான். ஆனால் ரோத் என்றால் இப்போதே ஒவ்வொரு செக்கிலும் கையில் இன்னும் 20 டாலர் போலக் குறையும். அவர் நிலைமை இப்போது அது இல்லை. அவர் மனைவி வேலைக்குப் போய் படி மாறும்போது என்ன செய்வது என்பதும் இருக்கிறது. நான் ட்ரெடிஷனல் கட்சி, மாறமாட்டேன்.

---

பேரோல்_அக்கா | செப்டம்பர் 17

உங்கள் சண்டை நடக்கட்டும். தம்பி, நீங்கள் கவனிக்க வேண்டியது நவம்பர் ஓப்பன் என்ரோல்மென்ட் (இன்சூரன்ஸ் திட்டத்தை மாற்றும் காலம்). அந்த 350-ஐக் குறைக்க வழி இருக்கிறதா என்று அப்போது பாருங்கள். ஹை டிடக்டிபிள் திட்டம் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்டும் தொகை அதிகம்) இருந்தால் ப்ரீமியம் குறையலாம், ஹெச்எஸ்ஏ (மருத்துவச் சேமிப்பு) கணக்கும் திறக்கலாம். குடும்பத்துக்கு 2025 வரம்பு 8,550. பேரோல் மூலம் போட்டால் 401கே மாதிரி இல்லை, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் கூடக் கிடையாது. நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும் ஹெச்எஸ்ஏ பணத்துக்கு மாநில வரி கேட்கும். இங்கே கேட்க ஆளில்லை. அதே சமயம் நான்கு வயதுக் குழந்தை அடிக்கடி டாக்டரிடம் போகும் என்றால் டிடக்டிபிள் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குறைந்த ப்ரீமியத்தை எடுத்துவிட்டு, ஒரு எமர்ஜென்சி ரூம் பில்லில் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

---

மர்ஃபி_மாமா | செப்டம்பர் 17

குறுக்கே ஒரு கேள்வி. எனக்கு வருடா வருடம் செப்டம்பர் வாக்கில் சம்பளம் திடீரென்று கூடுகிறது. ஜனவரியில் மறுபடி குறைந்துவிடுகிறது. யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம்.

---

பேரோல்_அக்கா | செப்டம்பர் 17

பயப்படாதீர்கள் சார், அது உங்கள் பணம்தான். சோஷியல் செக்யூரிட்டி 6.2% 2025-இல் 1,76,100 வரைதான். அதைத் தாண்டியதும் நின்றுவிடும். அதிகபட்சம் 10,918.20. ஜனவரியில் மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடும். மெடிகேருக்கு அப்படி வரம்பு இல்லை, 2 லட்சம் தாண்டினால் இன்னும் 0.9% சேர்த்துப் பிடிப்பார்கள். நடு வருடத்தில் கம்பெனி மாறினால் புதுக் கம்பெனி முதலிலிருந்து எண்ணும். கூடுதலாகப் போனதை டாக்ஸ் ஃபைல் செய்யும்போது கேட்டு வாங்கவேண்டும்.

---

பே_ஏரியா_வாடகைவாசி | செப்டம்பர் 17

ஹெச்1பியில் கட்டிய சோஷியல் செக்யூரிட்டி இந்தியா திரும்பினால் கிடைக்குமா?

---

ப்ளேனோ_பழையவன் | செப்டம்பர் 17

பென்ஷனுக்குத் தகுதி வர 40 க்ரெடிட் வேண்டும். வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு, அதாவது குறைந்தது பத்து வருடம். அதற்கு முன்னால் மூட்டை கட்டினால் கட்டியது கட்டியதுதான். பல நாடுகளோடு அமெரிக்காவுக்கு இதற்கு ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவோடு இல்லை. எட்டாம் வருடத்தில் திரும்பிப் போன என் நண்பன் இன்னும் அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லித் திட்டுவான்.

---

எடிசன்_டூ_இர்விங் | அக்டோபர் 11, சனி

இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நேற்று வந்த செக்கில் டபிள்யூ-4 மாற்றமும் 401கே 4%-உம் ஏறிவிட்டன. ஃபெடரல் 242.67. 401கே 180. கைக்கு 3,409.85.

எடிசனில் வாங்கியதைவிட 18 டாலர் 18 சென்ட் அதிகம். பெருமையாக மனைவியிடம் காட்டினேன். 401கேயில் இரண்டு பக்கமும் சேர்த்து 360 சேர்கிறது என்பதையும் சொன்னேன். ஸ்டப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பதினெட்டு டாலருக்கா ஆயிரத்தைந்நூறு மைல் வந்தோம்?" என்றாள்.

அக்கா, கடைசியாக ஒன்று. டெக்சஸில் மாநில ரிட்டர்ன் கிடையாது. அப்படியென்றால் ஏப்ரலில் ஃபெடரல் மட்டும் போதுமா?

---

பேரோல்_அக்கா | அக்டோபர் 11

போதாது. ஜூலை வரை அங்கே இருந்தீர்கள் அல்லவா? நியூஜெர்சிக்கு இந்த ஒரு வருடம் பகுதி வருட ரிட்டர்ன் போட வேண்டும். அங்கே பிடித்ததும் முழு வருடச் சம்பளத்தை மனதில் வைத்துப் பிடித்தது, கொஞ்சம் திரும்பி வர வாய்ப்பு உண்டு. பழைய கம்பெனிக்கு இர்விங் முகவரியைக் கொடுத்துவிட்டீர்களா? இல்லாவிட்டால் டபிள்யூ-2 எடிசன் வீட்டுத் தபால் பெட்டிக்குப் போய்விடும்.

---

எடிசன்_டூ_இர்விங் | அக்டோபர் 11

கொடுக்கவில்லை. இப்போதே எழுதுகிறேன்.